எமது இணையத்தளமும் அதன் பக்க ஒழுங்கும்

நூலொன்றைக் கையில் எடுப்பவர் அதில் உள்ள பொருளையும் அப்பொருள் தாளில் அமைந்துள்ள ஒழுங்கையும் ஒன்றாகவே காண்கின்றார். அவை வேறு வேறானவை என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. திருக்குறளை ஏட்டுச் சுவடிகளில் எழுதியோர் அடி பிரிக்காது, ஓலையில் இடம் வீணாகாதவாறு தொடர்ந்து எழுதிச் சென்றனர். 1812ஆம் ஆண்டு முதன்முதலாக அச்சேறிய அந்நூலை இன்றைய பதிப்புகளில் சீர் பிரித்த ஈரடிகளாகக் காண்கின்றோம். அதே குறள் கைத்தொலைபேசியின் சிறு திரையில் நான்கு வரிகளாக மடிந்து நிற்கின்றது. தோற்றம் மாறினும் குறள் மாறவில்லை. இணையத்தளம் ஒன்றைப் பராமரிக்க முன்வரும் பெற்றோரும் மாணவரும் முதலிற் கற்க வேண்டிய பாடம் இதுவேயாகும்.

எமது பாடசாலையின் பழைய தளத்தில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கோப்பாக இருந்தது. விழாத் திகதி மாறினால் முகப்பிலும், நாட்காட்டியிலும், வகுப்பு அறிவித்தலிலும் மூன்று முறை திருத்த வேண்டியிருந்தது. இரண்டைத் திருத்தி மூன்றாவதை மறப்பது எமக்கு வழக்கமாயிற்று. இக்குறையைத் தீர்ப்பதற்கென எழுந்தவையே உள்ளடக்க மேலாண்மை அமைப்புகள். செய்தியை ஒருமுறை உள்ளிட்டால் போதும். அதனை எங்கெங்கு, எவ்வடிவிற் காட்டுவது என்பதை அமைப்பே கவனித்துக்கொள்ளும். 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ், 2005இல் வெளிவந்த ஜூம்லா ஆகியன இவ்வகையின. நாம் தெரிந்தெடுத்தது 2001இல் வெளியான ட்ரூப்பல் ஆகும். இதனை ஆக்கியவர் அந்நாளிற் பெல்ஜியத்தில் மாணவராயிருந்த டிரீஸ் பைட்டார்ட். அவர் தமது தளத்திற்குக் கிராமம் எனப் பொருள்படும் 'டோர்ப்' என்னும் டச்சுச் சொல்லைப் பெயராக இட எண்ணித் தட்டச்சிற் பிழைவிட, அது 'ட்ரொப்' என்றாயிற்று. துளி என்னும் பொருள் தரும் டச்சுச் சொல்லிலிருந்து பின்னர் ட்ரூப்பல் என்னும் பெயர் பிறந்தது. எழுத்துப்பிழைக்குப் புள்ளி இழக்கும் மாணவர்கள் இதனால் ஆறுதல் கொள்ளலாம். ஆயினும் ஆசிரியரிடம் சான்றாகக் காட்ட முற்பட வேண்டாம்.

இவ்வமைப்பில் முதலில் உள்ளடக்க வகைகளை வரையறுத்தல் வேண்டும். நிகழ்வு, அறிவித்தல், மாணவர் ஆக்கம் என மூன்று வகைகளை நாம் வகுத்துக்கொண்டோம். ஒவ்வொரு வகைக்கும் புலங்கள் உண்டு. நிகழ்வு என்பதற்குப் பெயர், திகதி, இடம், விவரம் என்பன தனித்தனிப் புலங்கள். அனைத்தையும் ஒரே பெட்டியிற் கட்டுரையாக எழுதினால் என்ன என்று பெற்றோர் ஒருவர் வினவினார். எழுதலாம், மனிதர் வாசித்து அறிந்துகொள்வர். ஆனால் ஒரு பந்தியின் நடுவே கிடக்கும் திகதியைக் கொண்டு கணினியால் நிகழ்வுகளை வரிசைப்படுத்த இயலாது. திகதிக்கெனத் தனிப் புலம் இருந்தாலன்றி அப்பணி நடவாது.

அடுத்தது காட்சி எனப்படும் பகுதி. சேமித்து வைத்தவற்றுள் எவற்றைக் காட்டுவது என்பதை இது தீர்மானிக்கின்றது. முன்னர் தனியே சேர்க்கவேண்டிய இணைப்பாக இருந்த இது, 2015இல் வெளிவந்த எட்டாம் பதிப்பிலிருந்து ட்ரூப்பலின் உள்ளேயே அடங்கியுள்ளது. முகப்பில் அடுத்து வரும் நிகழ்வுகளைக் காட்ட விரும்பினோம். நிகழ்வு வகை மட்டும், திகதி இன்றோ இன்றைக்குப் பின்போ இருப்பவை மட்டும் என வடிகட்டினோம். அண்மைய திகதி முதலில் வருமாறு வரிசைப்படுத்தினோம். மூன்று போதும் என அளவிட்டோம். பெயரும் திகதியும் மட்டும் தோன்றுமாறு அமைத்தோம். அதே நிகழ்வுகள் நாட்காட்டிப் பக்கத்தில் இடமும் விவரமும் சேர்ந்து முழுமையாகத் தோன்றுகின்றன. திகதியை ஓரிடத்தில் மாற்றினால் இரு பக்கங்களும் மாறும். காட்டுவதற்கு ஒன்றுமே இல்லாதபோது என்ன செய்வது என்பதையும் கூறிவைத்தல் நன்று. கோடை விடுமுறையில் அவ்விடம் வெறுமையாகக் கிடந்தபோது, தளம் பழுதடைந்துவிட்டதோ எனப் பலர் எம்மைக் கேட்டனர். "புதிய தவணைக்கான நிகழ்வுகள் பின்னர் அறிவிக்கப்படும்" என்னும் வரியை அதன்பின்னரே சேர்த்தோம்.

இனி, பக்க ஒழுங்கு. பக்கத்தைப் பகுதிகளாக்கி, ஒரு நிரலாகவோ இரு நிரல்களாகவோ வகுத்து, அவற்றுள் தொகுதிகளை இழுத்து வைக்கும் கருவி 2019இல் நிலைபெற்றது. கணினி முன் அமர்ந்து நாம் அழகாக அமைத்தோம். இடப்புறத்து அகன்ற நிரலில் அதிபரின் வாழ்த்துரையும் சென்ற விழாவின் நிழற்படங்களும். வலப்புறத்து ஒடுங்கிய நிரலில் அறிவித்தல்கள். பார்த்தோர் அனைவரும் பாராட்டினர்.

அவ்வாண்டு மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை கடும் பனிப்பொழிவு. காலை ஏழு மணிக்கே "இன்று வகுப்புகள் இல்லை" என அறிவித்தலை இட்டுவிட்டோம். ஆயினும் மூன்று குடும்பங்கள் வந்தன. ஒரு தாத்தா தம் பேத்தியின் கையைப் பிடித்தவாறு பூட்டிய கதவின் முன்னே அரை மணி நேரம் பனியில் நின்றார். பேத்தியின் தாயார் தளத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர்களை அனுப்பியிருந்தார். அவர் பார்த்தது கைத்தொலைபேசியில். சிறு திரையில் இரு நிரல்கள் அருகருகே நில்லா. முதல் நிரல் முழுவதும் முடிந்த பின்னரே இரண்டாவது கீழே வரும். எமது அறிவித்தல் வாழ்த்துரைக்கும் இருபது படங்களுக்கும் அடியிற் கிடந்தது. தவறு அத்தாயாருடையதன்று, எம்முடையதே.

அன்று மாலையே பக்கத்தின் உச்சியில் முழு அகலப் பகுதியொன்றை அமைத்தோம். அறிவித்தல் வகையில் 'அவசரம்' என்னும் புலத்தையும் முடிவுத் திகதிப் புலத்தையும் சேர்த்தோம். அவசரமெனக் குறிக்கப்பட்டு முடிவுத் திகதி கடவாத அறிவித்தல் இருந்தால் அப்பகுதி தோன்றும். இல்லையெனில் தானே மறையும். நிகழ்வுப் பட்டியலில் வெறுமையை விளக்க வேண்டியிருந்தது. இங்கோ மறைத்தலே பொருத்தமாயிற்று.

இத்துடன் முடிந்ததென எண்ணினோம். அடுத்த வியாழனன்றும் "இன்று வகுப்புகள் இல்லை" என்றே தளம் கூறிக்கொண்டிருந்தது! விரைவின் பொருட்டு அமைப்பானது ஆயத்தமான பக்கத்தின் பிரதியொன்றைச் சேமித்து வைத்து அதனையே வருவோர்க்கு வழங்குகின்றது. உள்ளடக்கத்தை எவராவது திருத்தினால் அப்பிரதி நீங்கும். நாள் கடந்தது என்பதனால் மட்டும் அது நீங்குவதில்லை. ஆகவே நள்ளிரவுதோறும் சேமித்த பிரதிகள் நீங்குமாறு ஒழுங்கு செய்தோம். அறிவித்தல்களில் 'இன்று', 'நாளை' என எழுதாது திகதியையே எழுதுதல் என்றும் முடிவு செய்தோம். இது கணினியின்பாற்பட்ட திருத்தமன்று. ஆனால் எல்லாவற்றிலும் பயனுள்ளது அதுவே என்பது எமது கருத்து.

மாணவர் ஆக்கங்களைப் பற்றி ஒரு சொல். பழைய மலர்களிலிருந்த கட்டுரைகளைப் படம் பிடித்து அப்படியே ஏற்றியிருந்தோம். பார்வைக்கு அவை எழுத்தாயினும் கணினிக்கு வெறும் படங்களே. தேடினால் அகப்படா; கைத்தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் மடிந்து அமையாமல் திரைக்கு வெளியே ஓடும்; பார்வை குன்றியோர்க்கு வாசித்துக் காட்டும் செயலியும் அவற்றின் முன் ஊமையாகிவிடும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவையோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றின. இவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, தலைப்பு, ஆண்டு, வகுப்பு, ஆக்கம் எனப் புலம் பிரித்து உள்ளிடும் பணியை மேல்வகுப்பு மாணவர்கள் ஏற்றுள்ளனர். பிள்ளைகளின் முழுப் பெயரும் படமும் பெற்றோரின் எழுத்துமூல இசைவின்றி வெளியிடப்படமாட்டா.

சில மலர்களிற் பக்கங்கள் கிழிந்தும் மை மங்கியும் உள்ளன. நல்ல பிரதிகளை வைத்திருக்கும் பெற்றோர் சனிக்கிழமைகளில் நூலக மேசையிற் கையளித்தால், படியெடுத்த பின் அன்றே திருப்பித் தருவோம்.