கட்டைவிரல் அளவு ஜாம்பிக்கு வண்ணம் பூசுவது எப்படி?



பெங்களூரில் வேலை பார்க்கும் என் மாமா கோடை விடுமுறைக்கு வந்தபோது 6 ஜாம்பி பொம்மைகளைக் கொடுத்தார். "தீபாவளிக்கு வர்றேன் பாப்பா, அதுக்குள்ள வண்ணம் பூசி வச்சிரு" என்றார். ஜாம்பி என்றால் செத்த பிறகு எழுந்து நடக்கும் பிணம். ஹைட்டி நாட்டுக் கதைகளிலிருந்து வந்தது.

மாமா விளையாடுவது 'ஜாம்பிசைட்' என்ற மேசை விளையாட்டு. 2012-இல் வெளிவந்தது. இதில் எல்லோரும் ஒன்று சேர்ந்து ஜாம்பிகளிடமிருந்து தப்ப வேண்டும். முதல் பதிப்பின் பெட்டியில் 71 பொம்மைகள், அதில் 65 ஜாம்பிகள். வண்ணம் இல்லாமல்தான் வரும்.

முதல் பொம்மையை நான் கெடுத்துவிட்டேன். வண்ணத்தைக் குப்பியிலிருந்து அப்படியே எடுத்து அப்பினேன். கண், மூக்கு, வாய் எல்லாம் மூடி முகம் வழுவழுவென்று ஆகிவிட்டது. பயத்தில் மூன்று நாள் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பிறகு போனில் மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. சரியான முறையைச் சொல்லிக் கொடுத்தார். அதை எழுதுகிறேன்.

தேவையான பொருட்கள்: அக்ரிலிக் வண்ணங்கள், மெல்லிய தூரிகை ஒன்று, பழைய தூரிகை ஒன்று, பளபளப்பு இல்லாத சாம்பல் நிற ஸ்ப்ரே பெயிண்ட், ஃபெவிகால், சலித்த மணல், அட்டை.

செய்முறை:

1. பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடவும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் வண்ணம் ஒட்டாது.

2. வெளியில் வைத்து, பெரியவர்கள் துணையோடு, ஸ்ப்ரேயை லேசாக அடிக்கவும். எங்கள் ஊர் அய்யனார் கோவில் மண்குதிரைக்கு முதலில் வெள்ளை அடிப்பது போலத்தான் இதுவும்.

3. வண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, மெல்லியதாக இரண்டு தடவை பூசவும். ஒரே தடவை தடிமனாகப் பூசக் கூடாது. தோலுக்குச் சாம்பலும் பச்சையும் கலந்த நிறம் நல்லது.

4. பொம்மையின் உயரம் சுமார் 3 செ.மீ. இவ்வளவு சின்ன மடிப்பில் விழும் நிழல் சரியாகத் தெரியாது. அதனால் நிழலையும் நாம்தான் உண்டாக்க வேண்டும். பழுப்பு நிறத்தை நிறையத் தண்ணீரில் கரைத்துத் தடவினால் அது பள்ளங்களில் போய்த் தங்கும். அதுதான் நிழல்.

5. நன்றாகக் காய்ந்ததும் பழைய தூரிகையில் வெளிர் நிறம் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, மேலாகத் தேய்க்கவும். மேடான இடத்தில் மட்டும் ஒட்டும். அதுதான் வெளிச்சம்.

6. இரத்தம் வாயிலும் விரலிலும் மட்டும் போதும். சிவப்போடு கொஞ்சம் பழுப்பு கலந்தால் காய்ந்த இரத்தம் போல இருக்கும்.

7. கடைசியாக, பொம்மை நிற்கும் வட்டத் தட்டு. இது நகரத்தில் நடக்கும் கதை. அதனால் அட்டையைச் சின்னச் சதுரமாக வெட்டி நடைபாதைக் கல் போல ஒட்டினேன். இடையில் ஃபெவிகால் தடவி மணல் தூவினேன். காய்ந்ததும் கருஞ்சாம்பல் பூசி, மேலே வெளிர் சாம்பல் தேய்த்தேன். தரை வந்த பிறகுதான் பொம்மை எங்கேயோ நடந்து போவது போலத் தெரிந்தது.

இன்னொரு விஷயம். இந்த விளையாட்டில் மெதுவாக நடக்கும் ஜாம்பியும் உண்டு, ஓடும் ஜாம்பியும் உண்டு. ஓடுவது ஒரு முறையில் இரண்டு செயல் செய்யும், அதனால் ஆபத்து அதிகம். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியட்டும் என்று ஓடும் இரண்டுக்கும் தோலை மஞ்சளாக்கினேன்.

கெட்டுப்போன முதல் பொம்மையைத் தூக்கிப் போடவில்லை. அதன் மேலேயே 4-ஆவது, 5-ஆவது படிகளைச் செய்தேன். மூடிப்போன முகம் அழுகின முகம் மாதிரியே ஆகிவிட்டது! பாட்டி பார்த்துவிட்டு, "அடி ஆத்தி, இத எடுத்து அந்தாண்ட வையிடி" என்று அலறினார். தீபாவளிக்கு வந்த மாமா ஆறையும் வரிசையாக வைத்துப் பார்த்து, முதலில் கையில் எடுத்தது அதைத்தான்.

ஓவியத்தில் எனக்கு எப்போதும் மதிப்பெண் குறைவு. தப்பாகிவிடும் என்று பயந்து பென்சிலையே தொட மாட்டேன். என்னைப் போல் பயப்படுகிறவர்கள் ஜாம்பியிலிருந்து தொடங்கலாம். அதில் கோணல் கூட அழகுதான்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி