ஆபீஸ் வெப்சைட்டை உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா?

எல்லா ஆடிட்டர் ஆபீஸிலும் 'கம்ப்யூட்டர் தெரிந்த பையன்' அல்லது 'பொண்ணு' ஒருவர் இருப்பார். பிரிண்டர் மக்கர் செய்தாலும் அவர்தான், டேலி திறக்காவிட்டாலும் அவர்தான். ஒருநாள் பெரியவர் அவரை உள்ளே கூப்பிடுவார். "நம்ம வெப்சைட் பாக்கவே சகிக்கலப்பா. நீயே புதுசா ஒண்ணு பண்ணிடேன்." வக்கீல் ஆபீஸ், ஆர்க்கிடெக்ட் ஆபீஸ், கம்பெனி செக்ரட்டரி ஆபீஸ் என்று எங்கேயும் இதுதான் நடக்கிறது. அப்படி மாட்டிக்கொண்டவருக்காக இந்தக் கட்டுரை.

தைரியமாக ஒப்புக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு நான்கைந்து பக்கம் உள்ள தளம் தாராளம், அதற்கு கோடிங் தெரிய வேண்டியதில்லை. ஆனால் புதிதாகச் செய்பவர்கள் நேரத்தை எல்லாம் கலரிலும் அசையும் பேனரிலும் கொட்டுகிறார்கள். வேலை கெட்டுப்போவது வேறு இடங்களில்.

தலையாட்டும் முன்

இரண்டு விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள். ஒன்று நேரம், இன்னொன்று முடிவெடுப்பவர். "செய்றேன் சார். வாரத்துல ரெண்டு மதியம் இதுக்குன்னு ஒதுக்கிக் கொடுங்க. அந்த நேரத்து ஃபைலிங் வேலையை வேற யாராவது பாத்துக்கட்டும். அப்புறம், கடைசி ஓகே நீங்க சொல்வீங்களா, சின்ன சார் சொல்வாரா?" இப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேட்காமல் விட்டால் நீலம் வேண்டும் என்று ஒருவரும் பச்சை வேண்டும் என்று இன்னொருவரும் சொல்ல, நடுவில் நீங்கள் ராத்திரி உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருப்பீர்கள். பேசியதைச் சுருக்கமாக ஒரு மெயிலில் போட்டு அனுப்பிவிடுங்கள்.

சாவி யார் கையில்?

எதையும் கட்டுவதற்கு முன் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய தளத்தைச் செய்தவர் தன் சொந்த மெயில் ஐடியில் அதைப் பதிந்திருப்பார். இப்போது அவர் போன் எடுக்கமாட்டார், அல்லது ஊரில் இருக்கமாட்டார். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாவிட்டாலும் ஹூயிஸ் தேடலில் பெயரைக் கொடுத்தால் எந்த நிறுவனத்தில் பதிந்தது, எப்போது காலாவதி என்பது தெரிந்துவிடும். டாட் இன் என்று முடியும் பெயர்களின் பதிவேட்டை நிக்ஸி நடத்துகிறது, அந்தத் தளத்திலேயே தேடலாம். டொமைனை அலுவலகத்தின் பொது மெயில் ஐடிக்கு மாற்றி, பார்ட்னர் ஒருவரின் போன் எண்ணையும் அதில் சேர்ப்பதுதான் உங்கள் முதல் வேலை. ஆர்வக்கோளாறில் உங்கள் சொந்த ஜிமெயிலைக் கொடுத்துவிட வேண்டாம். நாளைக்கு நீங்கள் வேலை மாறினால், பழைய ஆளைத் திட்டியது போலவே உங்களையும் திட்டுவார்கள்.

அடுத்தது மெயில். அலுவலகத்தின் மெயில் ஐடி அதே டொமைனில் ஓடிக்கொண்டிருக்கும். புதிய ஹோஸ்டிங் கம்பெனி, "நேம்சர்வரை எங்களுக்கு மாற்றுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும். மாற்றினால் புதுத் தளம் அழகாகத் திறக்கும், ஆனால் மெயில் வருவது நின்றுவிடும். டொமைனின் டிஎன்எஸ் பட்டியலில் தளம் எங்கே இருக்கிறது என்று சொல்வது 'ஏ' பதிவு, மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்வது 'எம்எக்ஸ்' பதிவு. நேம்சர்வரை மாற்றும்போது பட்டியல் முழுவதும் மாறுவதால் எம்எக்ஸ் காணாமல் போகிறது. வருமான வரித் துறையின் நோட்டீஸ் மெயிலில் வரும் அலுவலகத்தில் இது சின்னப் பிழை இல்லை. ஆகவே நேம்சர்வரைத் தொடாமல், ஏ பதிவையும் அதோடு வரும் டபிள்யூடபிள்யூடபிள்யூ வரியையும் மட்டும் மாற்றுங்கள். அதற்கு முன் பட்டியல் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பதிவை எவ்வளவு நேரம் நினைவில் வைப்பது என்று சொல்லும் டிடிஎல் எண்ணை, மாற்றுவதற்கு முந்தைய நாளே 300 வினாடிக்குக் குறைத்துவிட்டால், தப்பு நடந்தாலும் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

எதில் கட்டுவது? வேர்ட்பிரஸ் இலவசம், எதையும் செய்யும். ஆனால் வாரா வாரம் அப்டேட் கேட்கும். மூன்று வருடம் யாரும் தொடாத வேர்ட்பிரஸ் தளத்துக்குள் சூதாட்ட விளம்பர லிங்குகள் புகுந்துவிடும், அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. பராமரிக்க ஆள் இல்லை என்றால் கூகுள் சைட்ஸ் போன்ற ஒன்றே மேல் என்பது என் கட்சி. பார்க்கக் கொஞ்சம் மொட்டையாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். பூட்டுப் படம் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனியே காசு கேட்டால் யோசியுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது.

ஜவுளிக்கடை மாதிரி விளம்பரம் செய்ய முடியாது

வெளியிலிருந்து வரும் டிசைனருக்குப் பெரும்பாலும் தெரியாத விஷயம் இது. உங்களுக்குத் தெரிந்திருந்தால் அங்கேதான் உங்கள் மதிப்பு. பட்டயக் கணக்காளர் சட்டம், 1949-இன் முதல் அட்டவணை, விளம்பரத்தின் மூலம் வேலை பிடிப்பதைத் தொழில்முறைத் தவறாகக் கருதுகிறது. வெப்சைட் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தேடி வருபவர் பார்க்கும்படிதான் அது இருக்க வேண்டும் என்பது பழைய நெறி. நாமாகப் போய் யார் கையிலும் திணிக்கக் கூடாது என்பதே அதன் பொருள். வாடிக்கையாளர் பெயர்களை அடுக்குவதும் கட்டணத்தைப் போடுவதும் நெடுங்காலமாகத் தடையில் இருந்தவை. இந்த நெறிமுறைகளை இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் அவ்வப்போது திருத்துகிறது. கட்டும்போது நடப்பில் இருப்பதைக் கழகத்தின் தளத்திலிருந்தே இறக்கிப் படியுங்கள். 'தமிழகத்தின் நம்பர் ஒன்', 'மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள் 500' போன்ற டெம்ப்ளேட் வரிகளை அதற்கு முன்பே அழித்துவிடலாம்.

வக்கீல் ஆபீஸ் என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். பார் கவுன்சிலின் 36-வது விதி விளம்பரத்தைத் தடுக்கிறது. 2008-இல் வந்த திருத்தம் வெப்சைட்டுக்கு மட்டும் வழிவிட்டது. பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு விவரம், படிப்பு, எந்த வகை வழக்குகள் பார்க்கிறார் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆன்லைன் தளங்கள் வழியாக வக்கீல்கள் வேலை பிடிப்பது பற்றிய வழக்கில், ஒழுங்கு நடவடிக்கை எடுக்க ஏற்பாடு செய்யும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆகவே வெளியிடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து பார்ட்னரிடம் கையெழுத்து வாங்குங்கள். பொறுப்பு அவருடையது.

என்ன எழுதுவது?

இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். "கன்டென்ட் அப்புறம் தர்றேன்" என்று சொன்ன பார்ட்னர் எவரும் தந்ததாகச் சரித்திரம் இல்லை. காத்திருக்காமல் ரிசப்ஷனில் போன் எடுப்பவர் பக்கத்தில் ஒருநாள் உட்காருங்கள். கூப்பிடுபவர்கள் என்ன கேட்கிறார்கள்? "சனிக்கிழமை திறந்திருக்குமா?" "ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்திருக்கு, நீங்க பாப்பீங்களா?" "ரிட்டர்ன் போட என்னென்ன எடுத்துட்டு வரணும்?" "வண்டி நிறுத்த இடம் இருக்கா?" இந்தக் கேள்விகளுக்கான பதில்தான் உங்கள் முகப்புப் பக்கம்.

பழைய தளத்தில் இப்படி ஒரு வரி இருக்கும்: 'நிதி மற்றும் வரி சார்ந்த ஒருங்கிணைந்த தீர்வுகளைத் தரமான முறையில் வழங்குவதே எங்கள் குறிக்கோள்.' படித்தவருக்கு ஒன்றும் புரியாது. அதை எடுத்துவிட்டு இப்படிப் போடுங்கள்: 'வருமான வரி, ஜிஎஸ்டி, கம்பெனி தணிக்கை ஆகிய வேலைகளைச் செய்கிறோம். திங்கள் முதல் சனி வரை, காலை 10 முதல் மாலை 6 வரை. வரும் முன் போன் செய்யுங்கள்.' சொன்னது எல்லாமே உண்மை, பெருமை எதுவும் இல்லை. விதிக்கும் பங்கமில்லை.

தமிழ்ப் பக்கமும் வேண்டும் என்றால், பழைய வேர்டு ஃபைலிலிருந்து அப்படியே ஒட்டாதீர்கள். வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டியது இணையத்தில் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள். ஹிந்த் மதுரை, முக்தா மலர் போன்ற நல்ல எழுத்துருக்கள் கூகுளில் இலவசம். தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் குறிகள் இருப்பதால் வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டுங்கள். பட்டனில் 'தொடர்புகொள்ளுங்கள்' என்று போட்டால் சின்ன போன் திரையில் பிதுங்கும். 'அழைக்க' என்றால் அடங்கிவிடும்.

போன் திரை என்றதும் இன்னொன்று. வருகிறவர்களில் பலர் தளத்தை போனில்தான் பார்ப்பார்கள், நீங்களும் போனில்தான் சோதிக்க வேண்டும். அதுவும் ஆபீஸ் வைஃபையில் வேண்டாம், மொபைல் டேட்டாவில். போன் எண்ணைத் தொட்டால் டயல் ஆக வேண்டும். முகவரியைப் படமாக வைக்காமல் எழுத்தாக வையுங்கள். கேமராவில் எடுத்த நான்கைந்து எம்பி படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவியில் போட்டு 200 கேபிக்குள் சுருக்குங்கள். கூகுளில் தேடி எடுத்த படம் வேண்டவே வேண்டாம், அது யாருடையதோ. வெள்ளைக்காரர்கள் இருவர் கைகுலுக்கும் படத்தைவிட உங்கள் கட்டடத்தின் வாசல் படம் நூறு மடங்கு பயன்படும், வழி தேடி வருபவர் அதைப் பார்த்து உள்ளே வருவார்.

தொடர்புப் படிவத்தில் பெயர், போன் எண், என்ன விஷயம் ஆகிய மூன்று கட்டங்கள் போதும். பான் கார்டு, ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட் ஆகியவற்றை ஏற்றும் வசதியைச் சிலர் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அமெச்சூர் கட்டிய தளத்தில் அடுத்தவரின் ஆதார் கிடக்கக் கூடாது.

வெளியிடும் நாள்

ஜூலைக் கடைசியும் செப்டம்பர் முழுவதும் ஆடிட்டர் ஆபீஸில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த மாதங்களைத் தவிர்த்து, ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை காலையில் மாற்றுங்கள். வெள்ளி மாலை மாற்றிவிட்டு மெயில் நின்றுபோனால் ஹோஸ்டிங் கம்பெனியில் கேட்க ஆள் கிடைக்கமாட்டார். மாற்றியதும் வெளி ஐடி ஒன்றிலிருந்து மெயில் அனுப்பி, வருகிறதா என்று பாருங்கள்.

வேலை முடிந்ததும் ஒரே ஒரு தாளில் டொமைன் எங்கே, ஹோஸ்டிங் எங்கே, எந்த ஐடி, எப்போது புதுப்பிக்க வேண்டும், பக்கத்தை மாற்றுவது எப்படி என்று எழுதி பார்ட்னரிடம் கொடுங்கள். பாஸ்வேர்டை அதில் எழுதாமல் அவர் கையில் தனியாகக் கொடுங்கள். அந்தத் தாளின் நகலை உங்கள் அப்ரைசல் ஃபைலிலும் வையுங்கள். சம்பள உயர்வு பேசும்போது பிரிண்டர் சரிசெய்த கணக்கில் இதையும் சேர்த்துவிடப் பார்ப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.