எலும்பு சொல்லாததை எழுதாதே

'போன்ஸ்' தொடரைப் பார்த்திருப்பீர்கள். 2005 முதல் 2017 வரை ஓடிய அந்தத் தொடருக்குப் பின்னால் ஒரு நிஜ விஞ்ஞானி இருக்கிறார். அவர்தான் இன்றைய நம் பாடம்.

கேத்தி ரைக்ஸ், 1948-ல் சிகாகோவில் பிறந்த தடயவியல் மானிடவியலாளர். கனடாவின் மொன்றியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். அடையாளம் தெரியாத எலும்புக்கூடுகள் கிடைத்தபோது, 'இது யார்?' என்ற கேள்வி இவரிடம் வந்ததுண்டு. 1997-ல் வந்த இவருடைய முதல் துப்பறியும் நாவலின் நாயகியும் எலும்பு நிபுணர்தான்.

எலும்பு என்ன சொல்லும்? இடுப்பெலும்பு ஆணா பெண்ணா என்று காட்டும். தொடை எலும்பின் நீளத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடலாம். காறை எலும்பின் மார்புப் பக்க முனை இருபதுகளில்தான் முழுசா ஒட்டும். அதாவது, நம்ம வயசை அது காட்டிக்கொடுத்துடும்! பற்களைப் பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டால் பெயரே தெரியலாம்.

ஆனால் நிபுணர் 'வயது 23' என்று அடித்துச் சொல்லமாட்டார். '20 முதல் 25-க்குள்' என்பது போலத்தான் எழுதுவார். நாவலில் கற்பனைக்கு இடமுண்டு, அறிக்கையில் கிடையாது. அதை நம்பித்தான் ஒரு குடும்பம் ஈமக்கிரியை செய்யும், ஒருத்தர் சிறைக்குப் போவார்.

இதைப் படிச்சப்ப எனக்குச் சுருக்கென்றது. போன செமஸ்டர் லேப்பில் ஓர் உத்திரத்தில் எடை தொங்கவிட்டு வளைவை அளந்தோம். எட்டுப் புள்ளியில் ஒண்ணு மட்டும் கோட்டை விட்டு விலகி நின்னுச்சு. வரைபடம் அழகா வரணும்னு அதை நகர்த்திட்டேன். நல்ல மார்க் கிடைச்சது. அடுத்த வாரம் வேறொரு குழு சோதிச்சப்பதான், தாங்கியோட திருகு லூசா இருந்தது தெரிஞ்சது. என் புள்ளி அதைத்தான் சொல்லியிருக்கு. நான் சாட்சியோட வாயை மூடிட்டேன்.

விரிவுரையாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன். மார்க் குறைஞ்சது. ஆனா, நாளைக்கு நான் கையெழுத்துப் போடப்போற பாலத்தின் மேல் மனுஷங்கதானே நடப்பாங்க?

கதை எழுதணுமா, தாராளமா எழுதுவோம். அறிக்கை எழுதும்போது, கண்டதை மட்டும் எழுதுவோம்.

சிந்திக்க:
1. முடிவை முதலில் எடுத்துவிட்டு, ஆதாரத்தைப் பிறகு தேடிய அனுபவம் உங்களுக்கு உண்டா?
2. 'எனக்கு உறுதியாகத் தெரியவில்லை' என்று சொல்ல நாம் ஏன் தயங்குகிறோம்?