ஆழி கடந்தோர்

நுழையும்முன்

ஏலமலைச் சரிவில் வாழ்வோர்க்குக் கடல் தொலைவானது. ஆயினும், குரங்கணிக்கு மேலுள்ள மலைகளில் பெய்யும் மழை கொட்டகுடி ஆறாகப் போடிநாயக்கனூரைக் கடந்து, வைகையோடு சேர்ந்து, இராமநாதபுரம் நோக்கிச் செல்கிறது. எஞ்சிய நீர் பாக் நீரிணையை ஒட்டிய கடலில் கலக்கிறது. அந்நீரிணையை 2019ஆம் ஆண்டு தேனியைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவர் ஒருவர் நீந்திக் கடந்தார். அவருக்கு முன்பே அதனைக் கடந்த தமிழர் இருவரைப் பற்றியது இப்பாடம்.

ஆழிக்குமரன்

இலங்கையின் வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவர் வி. எஸ். குமார் ஆனந்தன். 1971ஆம் ஆண்டு பாக் நீரிணையை நீந்தித் தமிழகக் கரையை அடைந்த அவர், மீண்டும் நீந்தியே இலங்கைக்குத் திரும்பினார். உலக சாதனைகள் பல படைத்த அவரை மக்கள் ‘ஆழிக்குமரன்’ என்று அழைத்தனர். 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது அவர் உயிர் நீத்தார்.

கடலின் இயல்பு

பெயரில் கால்வாய் என்றிருப்பினும் அது கடலே. அதன் மிகக் குறுகிய அகலம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை அளவில் ஓதத்தின் திசை மாறுவதால், நீந்துபவர் நேர்க்கோட்டில் செல்ல இயலாது. வளைந்து வளைந்தே மறுகரை சேர்வார். கோடையிலும் நீர் குளிர்ந்தே இருக்கும். ஆயினும், உடல்வெப்பம் காக்கும் உடை அணிதல் கூடாது. உடன்வரும் படகைத் தொடுதலும் கூடாது. உணவைக் கயிற்றிலோ கோலிலோ கட்டி நீட்டுவர். நீந்துபவர் தளர்ந்தால் முயற்சியை நிறுத்தும் பொறுப்பு படகில் இருப்போரைச் சார்ந்தது.

பன்னிரண்டு வயதில்

ஆனந்தன் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1994 ஆகஸ்டு 15 அன்று, தமிழ்நாட்டின் குற்றாலீசுவரன் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அப்போது அவருக்கு வயது 12. அவ்வாண்டிலேயே பாக் நீரிணை உட்பட ஆறு நீர்வழிகளை நீந்திக் கடந்தார். 1966ஆம் ஆண்டில் ஐந்து நீர்வழிகளைக் கடந்த வங்காள வீரர் மிஹிர் சென்னின் சாதனையை இது விஞ்சியது. 1996ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருது குற்றாலீசுவரனுக்கு வழங்கப்பட்டது. பின்னர் அவர் பொறியியல் பயின்றார்.

தேர்ந்த வீரரின் உயிரைக் கவர்ந்த கடல், ஒரு சிறுவனுக்கு வழிவிட்டது. இதனைக் கொண்டு ஒருவரைவிட மற்றவர் மேம்பட்டவர் எனக் கூறுதல் பொருந்தாது. காற்றும் குளிரும் நீரோட்டமும் நாள்தோறும் மாறுவன. நேற்று வழிவிட்ட நீர் இன்றும் வழிவிடும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே, துணிவும் பயிற்சியும் உடையவருக்கும் உடன்வரும் படகும், நிறுத்து என்னும் சொல்லுக்குப் பணியும் மனமும் தேவை. இன்று 16 வயது நிறையாதோர் ஆங்கிலக் கால்வாயில் நீந்த அனுமதிக்கப்படுவதில்லை. இப்பாடத்தைப் படிக்கும் உங்களுள் பலர் இப்போதுதான் அவ்வயதை எட்டியுள்ளீர்கள்.