பஞ்சவன் மாதேவியைப் பார்க்க வெள்ளிக்கிழமை போகாதீர்கள்

பட்டீஸ்வரம் துர்க்கைக்கு வேன் வைத்துப் போகாத குடும்பம் எங்கள் தருமபுரத்தில் குறைவு. (ஆதீனம் இருக்கும் மயிலாடுதுறைத் தருமபுரம் அல்ல, ஞானசம்பந்தர் பாட, யாழ்ப்பாணர் யாழை முறிக்கப்போன காரைக்கால் தருமபுரம்.) அதே சம்பந்தருக்கு முத்துப்பந்தல் தந்த ஊர் என்று பட்டீஸ்வரத்தைக் கொண்டாடுகிறோம். பக்கத்திலேயே ஒரு சோழப் பேரரசிக்கு எழுப்பிய கோயில் இருப்பது பலருக்குத் தெரியாது.

பஞ்சவன் மாதேவி ராஜராஜனின் தேவியருள் ஒருத்தி, பழுவேட்டரையர் குலத்துப் பெண். ராஜேந்திரனைப் பெற்றவள் வானவன் மாதேவி, இவள் சிற்றன்னை. இவள் இறந்தபின் பழையாறையில் ராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படைதான், அதாவது இறந்தவருக்கான நினைவுக் கோயில்தான், பஞ்சவன் மாதேவீச்சுரம். அவனுடைய 7-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கிட்டத்தட்ட 1019-ஐச் சேர்ந்தது, அங்கே இருக்கிறது. பெற்ற தாய்க்குச் செய்கிறவர்கள் உண்டு. சிற்றன்னைக்குக் கோயில் கட்டியவர்கள் எத்தனை பேர்?

பயணத் திட்டம் போட்டவர் என் நாத்தனார். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றி, வரிசையில் நின்று வெளியே வந்தால் பன்னிரண்டைத் தாண்டிவிடும். பள்ளிப்படைக் கோயிலில் அதற்குள் நடை சாத்திவிடுவார்கள். இதைக் கும்பகோணத்திலேயே கணக்குப் போட்டுச் சொன்னேன். "முதல்ல அங்க போயிட்டு வந்துடலாம் அண்ணி" என்றேன். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா செத்தவங்க கோயிலுக்கு யாராச்சும் மொதல்ல போவாங்களா?" என்றார். வேனே தலையாட்டியது. மதியம் பூட்டிய கதவின் முன்னால் நான் மட்டும் இறங்கி நின்றேன். பின்னால் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணி மந்திராலயத்துக்கு வருஷம் தவறாமல் போய் வருகிறவர். அங்கே இருப்பது ராகவேந்திரரின் பிருந்தாவனம்தானே? அது மட்டும் அரண்மனையா? பள்ளிப்படையில் கருவறையில் இருப்பது சிவலிங்கம். பூஜை சிவனுக்கு, பெயர் இறந்தவருக்கு. மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்ததும் அப்படித்தான். பெய்ஜிங்கில் மிங் பேரரசர் ஜியாஜிங் 1530-ல் கட்டத் தொடங்கிய பேரரசர் கோயிலில் 188 அரசர்களுக்குப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். அதன் வாசலுக்கு வரும் அதிகாரிகள் குதிரையை விட்டு இறங்கித்தான் நடக்க வேண்டும் என்று கல்லில் வெட்டி நட்டார்கள். எங்கள் ஆட்கள் வேனை விட்டே இறங்கவில்லை.

பிறகு ஒருநாள் தனியாகவே போனேன். மயிலாடுதுறை, கும்பகோணம், அங்கிருந்து டவுன் பஸ், கடைசியில் ஆட்டோ. இதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டோக்காரரிடம் பள்ளிப்படை என்று சொல்லாதீர்கள், விழிப்பார். ராமநாதன் கோயில் என்றால் தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போது கல்வெட்டு எழுத்து எழும்பித் தெரியும். உச்சிவெயிலில் சுவர் வெறும் சுவர்தான். எழுத்து தெரியவேண்டும் என்று மாவையும் விபூதியையும் தேய்க்கிறவர்களை அங்கே பார்த்தால் என் சார்பிலும் திட்டிவிடுங்கள். குருக்கள் இருந்தால் அர்ச்சனைத் தட்டோடு போங்கள், கொஞ்சம் பேசுவார். கூட்டம் இருக்காது, அதுவே பெரிய வசதி.

நேரம் மிச்சமிருந்தால் உடையாளூரையும் பார்க்கலாம். ராஜராஜனின் சமாதி அங்கேதான் என்ற பேச்சு வெகுநாளாக உண்டு. 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆய்வு நடத்தச் சொன்ன இடம் அது. முடிவான சான்று கிடைக்கும்வரை அதை நம்பிக்கை என்றே வைத்துக்கொள்வேன். பஞ்சவன் மாதேவிக்குக் கல்வெட்டே சாட்சி, அதனால் என் ஓட்டு அவளுக்குத்தான்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: திட்டத்தை நீங்களே போடுங்கள். புதன், வியாழன் பார்த்து, காலையிலேயே ராமநாதன் கோயிலில் இறங்கிவிடுங்கள். துர்க்கை கோபித்துக்கொள்ள மாட்டாள். நாத்தனார் கோபித்தால் கோபிக்கட்டும்.