தாயும் இன்னும் குட்டிதான்

அன்புள்ள யாழினி,

ஒரு வயதுகூட நிரம்பாத உன் பூனை சினையாக இருக்கிறது, என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். பெட்டி, துணி, பால் என்று உன் கேள்விகள் எல்லாம் வரப்போகும் குட்டிகளைப் பற்றியே இருக்கின்றன. நான் முதலில் தாயைப் பார்க்கச் சொல்வேன். பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். உடம்பு வளர்ந்து முடியவோ ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். இந்த இடைவெளிக்குள் சினைப்பட்ட பூனை, தன் எலும்பையும் சதையையும் வளர்த்துக்கொண்டே வயிற்றில் நாலைந்து உயிர்களையும் வளர்க்கிறது. உணவு, மருந்து, பிரசவம், அதற்குப் பிறகான முடிவுகள் எல்லாவற்றையும் அந்தத் தாயும் இன்னும் ஒரு குட்டிதான் என்ற உண்மையிலிருந்து யோசித்தால் உனக்கே பாதி விடைகள் கிடைத்துவிடும்.

பூனையின் சினைக்காலம் சுமார் 63 முதல் 65 நாள். மூன்றாவது வாரத்தில் முலைக்காம்புகள் இளஞ்சிவப்பாகத் தடிக்கும். வயிறு வெளியே தெரிவதற்குள் பாதிக் காலம் போயிருக்கும். அதனால் சந்தேகம் வந்த உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோ. மூன்று நான்கு வாரம் ஆனால் ஸ்கேனில் தெரியும். 45 நாளுக்கு மேல் எக்ஸ்ரே எடுத்தால் குட்டிகளை எண்ணவே முடியும். எத்தனை குட்டி என்று தெரிந்துவைத்தால்தான் பிரசவத்தன்று எல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று சொல்ல முடியும். பூனை மிகச் சிறியதாக, மெலிந்து இருந்தால், சினையோடேயே கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாமா என்று டாக்டர் கேட்கக்கூடும். கேட்க வருத்தமாக இருக்கும். ஆனாலும் தாயின் உயிரை முன்னே வைத்துக் கேட்கப்படும் கேள்வி அது, கோபப்படாமல் காதுகொடு. சினைக்காலத்தில் எந்த மருந்தையும் நீயாகக் கொடுக்காதே. உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி, வயிற்றிலுள்ள குட்டிகளின் சிறுமூளையைப் பாதிக்கக்கூடும் என்பதால் தடுப்பூசியைக்கூட டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நாய்க்கு விற்கும் தெள்ளுப்பூச்சி மருந்துகளில் பல, பூனைக்கு நஞ்சு. பாராசிட்டமால் ஒரு மாத்திரையிலேயே பூனை இறந்துபோகலாம்.

இனி உணவு. நம் வீடுகளில் பூனைக்குப் பால்சோறோ தயிர்சோறோ வைத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். பூனை இறைச்சியை நம்பி வாழும் பிராணி. டாரின் என்ற சத்தைத் தனக்குப் போதுமான அளவு அதன் உடம்பால் தயாரித்துக்கொள்ள முடியாது. அரிசியிலும் பருப்பிலும் அது கிடையாது. இறைச்சியிலும் மீனிலும் உண்டு. டாரின் குறைந்தால் பூனைக்குக் கண்பார்வை கெடும், இதயத் தசை தளரும். சினைப்பூனைக்குக் குறைந்தால் கரு கலையலாம், குட்டிகள் செத்துப் பிறக்கலாம், எடை குறைந்து பிறக்கலாம். பாலிலுள்ள சர்க்கரை வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். ஆகவே கடையில் குட்டிப் பூனைகளுக்கென்று விற்கும் தீனியையே தாய்க்கு வை. அதில் புரதமும் கால்சியமும் கூடுதல்; தாய்க்கும் வயிற்றுக்குட்டிகளுக்கும் ஒரே தட்டில் கிடைத்துவிடும். வாங்க முடியாவிட்டால், உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து முள், எலும்பு நீக்கிய மீன், கோழிக்கறி, முட்டை கொடு; அதோடு என்ன சேர்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கேள். குழம்பு ஊற்றாதே, வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும். சில பச்சை மீன்களில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் பொருள் இருக்கிறது, வேகவைத்தால் அது போய்விடும். ஈரல் நல்லதென்று தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ மிஞ்சி, குட்டிகளுக்குக் குறை வரலாம். கடைசி வாரங்களில் குட்டிகள் வயிற்றை அடைத்துக்கொள்வதால் ஒரே வேளையில் நிறையத் தின்ன முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை வை. பால் கொடுக்கும் காலத்தில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு கேட்கும், கேட்கிறபடி கொடு.

“தெருப் பூனைகள் யார் கவனிப்பும் இல்லாமல்தானே குட்டி போடுகின்றன?” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். போடுகின்றன. ஆனால் நம் கண்ணில் படுபவை பிழைத்தவை மட்டும்தான். மாடிப்படிக்கு அடியிலும் காலி மனையிலும் செத்துப்போனவை கணக்கில் வருவதில்லை. பிரசவிக்கும் அறிவு பூனைக்கு இயல்பாகவே உண்டு என்பது உண்மைதான். ஆனால் அறிவு இருப்பதால் உடம்பில் சத்து வந்துவிடாது.

பிரசவத்தின்போது அந்த இயல்பை மதித்து நீ ஒதுங்கி நிற்க வேண்டும். பூனை நின்று திரும்பும் அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி, அதில் துவைத்த பழைய பருத்தித் துணி, ஆள் நடமாட்டமில்லாத மூலை, பக்கத்தில் தண்ணீர் இருந்தால் போதும். இரண்டு வாரம் முன்பே வைத்துவிடு, பழகட்டும். அது உன் அலமாரியைத் தேர்ந்தெடுத்தால் அங்கேயே துணி விரி. உடல் வெப்பம் 37.8 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளைக்குள் பிரசவம். குட்டிகளுக்கு நடுவே பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். தாயே பனிக்குடப் பையைக் கிழித்து, நக்கி மூச்சுவர வைத்து, கொடியைக் கடித்துவிடும். முதல் பிரசவத்தில் திகைத்து நின்றுவிட்டால் மட்டும் நீ பையைக் குட்டியின் மூக்கிலிருந்து விலக்கி, உலர்ந்த துணியால் துடை. பலமாக முக்கியும் அரை மணி நேரத்தில் குட்டி வராவிட்டாலும், பாதி வெளியே வந்து சிக்கிக்கொண்டாலும், முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிற நீர் வந்தாலும், ரத்தம் நிற்காமல் போனாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்பு. சிறிய பூனைக்கு இடுப்பெலும்பு குறுகலாக இருந்தால் குட்டி சிக்கிக்கொள்ளக்கூடும். இரவில் எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும் என்று இன்றே விசாரித்து எழுதி வை.

பிறந்த குட்டி சுமார் நூறு கிராம் இருக்கும், நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏற வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துப் பார். நோயை எடைதான் முதலில் காட்டும். முதல் வாரத்தில் குட்டிக்குத் தன் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. படுக்கை 30 டிகிரி அளவில் இருக்கட்டும்; சிமென்ட் தரையும் மின்விசிறியும் ஏசியும் ஆகாது, சித்திரையில் தகரக் கூரைக்கு அடியிலும் வைக்காதே. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் புகட்டாதே, முதலில் சூடேற்று. மனிதக் கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். வீட்டோடு பழகிய பூனை அப்படிச் செய்வது அபூர்வம். கூட்டமும் சத்தமும்தான் அதைக் கலைக்கும், குட்டிகளைத் தூக்கிக்கொண்டு இடம் மாறும். இரண்டாம் வாரத்திலிருந்து நீ குட்டியை மென்மையாகத் தொட்டுப் பழக்கினால் பிற்காலத்தில் மனிதரைக் கண்டு ஒளியாது. பால் கொடுக்கும் தாய் நடுங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, ரத்தத்தில் கால்சியம் இறங்கியிருக்கலாம். அது அவசர நிலை.

கடைசியாகச் சொல்வதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி பருவத்துக்கு வரலாம். பூனையின் பருவம் பகலின் நீளத்தைப் பொறுத்தது. பகல் பெரிதாக மாறாத நம் ஊரில் பெரும்பாலும் எந்த மாதமும் அதற்குத் தடையில்லை. அதனால் பால் மறக்கும்வரை தாயை வெளியே விடாதே, கடுவன் வரும் ஜன்னலைச் சாத்து. குட்டிகள் எட்டு வாரம் ஆகித் தீனிக்கு மாறியதும் கருத்தடை செய்துவிடு. “குட்டி போடுவது உடம்புக்கு நல்லது, இன்னொரு முறை போடட்டும்” என்பார்கள். உண்மையில் உடம்புக்கு நல்லது கருத்தடைதான். பூனைக்கு வரும் முலைக்கட்டிகளில் பெரும்பாலானவை புற்று. 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக்குள் கருத்தடை செய்த பூனைகளுக்கு அந்த ஆபத்து 86 சதவீதம் குறைந்திருந்தது. குட்டி போட்டதா இல்லையா என்பதால் எந்த வித்தியாசமும் காணப்படவில்லை. தாய்மையைப் பறிப்பது பாவம் என்று பாட்டி சொன்னால், இன்னும் வளர்ந்து முடியாத உடம்பு வருடத்துக்கு இரண்டு மூன்று முறை சினைப்படுவதை அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல். குட்டிகளை வாங்கிப்போகிறவர்களிடமும் நான்கைந்து மாதத்துக்குள் இதே ஆபரேஷனைச் செய்வோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டு கொடு. தாயின் ஆபரேஷனுக்கு எந்த வாரம் வரலாம் என்று, ஸ்கேன் எடுக்கப் போகும் அன்றே டாக்டரிடம் கேட்டுவிடு.

அன்புடன்,
அத்தை