குழலை வெட்டலாமா?

கேள்வி: தோட்டத்து வீட்டில் நானும் மனைவியும் தனியாக இருக்கிறோம். என் பெயரில் உரிமம் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி, வீட்டுக்குள் திருப்ப முடியாத நீளம். பட்டறையில் கொடுத்துக் குழலைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாமா?
- வாசகர், சாணார்பட்டி

பதில்: கூடவே கூடாது. உங்கள் உரிமம் துப்பாக்கியை வைத்துக்கொள்வதற்கு மட்டும்தான். குழலைக் குட்டையாக்கத் தனி உரிமம் வேண்டும் என்கிறது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவு. மீறினால், 25-வது பிரிவின்படி குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரை போகலாம். 2019 திருத்தத்துக்கு முன் இது 3 முதல் 7 ஆண்டாக இருந்தது. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் இரும்பறுக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அறுத்துத் தரும் பட்டறைக்காரரும் வழக்கில் சிக்குவார். அவர் குடும்பத்தையும் நினைத்துப் பாருங்கள்.

‘தற்காப்புக்குத்தானே’ என்பீர்கள். அந்த உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது என்று 37-வது பிரிவு எல்லையும் போடுகிறது. திருடனைச் சுட்டது தற்காப்பே என்று நீதிமன்றம் ஏற்றாலும், குழலை வெட்டிய குற்றம் தனியாக நிற்கும். முன்கூட்டியே திட்டமிட்டதற்கு அதையே சான்றாகக் காட்டி அரசுத் தரப்பு வாதிடவும் கூடும்.

நீளம்தான் தொல்லை என்றால், வேறு துப்பாக்கிக்கு மாற்றிக்கொள்ள உரிமம் வழங்கும் அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும் முற்றத்துக்கு வெளிச்சமும் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.